உங்கட ஆக்கள்

பலெர்மோ,
25.11.2024

கிளறாவுக்கு,

'அன்பின்' என்று எழுதப் பேனையை எடுத்தேன், கை ஓடவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். நேற்று மேடையில் மாம்பழ நிறச் சேலையோடு நின்றதைப் பார்த்தேனே. என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம்.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ரெலிபோனில் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன், வட்ஸ்அப்பிலும் அப்படியே. வாயால் கதைத்தால் நீ அழத் தொடங்குவாய், எனக்கு மனம் இளகிவிடும். இந்த முறை இளகுவதாக உத்தேசமில்லை. ஏதும் சொல்ல இருந்தால் எழுதித் தபாலில் போடு.

நேற்று எங்கள் மாலைக் கல்லூரிக்கு வெள்ளி விழா. அதைத் தொடங்கின இரண்டு பேரில் நீ இன்றைக்குத் தலைவி, நான் நம்பிக்கைப் பொறுப்பாளர். அழைப்பிதழில் 'மங்கல விளக்கேற்றல்: நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்' என்று நீயேதான் அச்சடித்தாய். நீயும் உன் மனிசன் அகஸ்ரினும் முதல் திரியை ஏற்றினீர்கள். பிறகு நீ ஒலிவாங்கியை வாங்கி மற்றவர்களைக் கூப்பிட்டாய். செயலாளர் விமலராஜும் மனைவியும் போனார்கள். மற்றப் பொறுப்பாளர்கள் சோடி சோடியாகப் போனார்கள். மிஞ்சின திரி எனக்கென்று நினைத்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு எழும்பி நின்றேன். எழும்பி நின்றேன், கிளறா. நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற கொட்வினையும் மனைவியையும் கூப்பிட்டாய். கல்லூரிக்கு அவன் என்ன செய்தவன்? அன்றைய றோல்ஸும் பற்றிஸும் அவன் கடையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். நான் கதிரையை நகர்த்துகிற மாதிரிப் பாசாங்கு பண்ணி இருந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் ரெலிபோனைப் பார்த்தார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினாய். விளக்குக்கு ஆகாதவள் பொன்னாடைக்கு மட்டும் ஆகுவாளோ? அதை அடுப்படி துடைக்கப் போட்டிருக்கிறேன். தண்ணீரைக்கூட ஒழுங்காக இழுக்காத துணி.

என் புருஷன் பத்மநாதன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதுதானே காரணம்? அந்த மனிசன் உயிரோடு இருந்தபோதும் ஒரு விழாவிலும் மேடை ஏறினதில்லை. வாசலில் நின்று பிள்ளைகளின் குடைகளை வாங்கி அடுக்குவார். விளக்கை எந்த நாளும் நான் தனியாகத்தான் ஏற்றினேன். அப்போது பிடிக்காத தோஷம் இப்போது எங்கேயிருந்து வந்தது என்று எழுது. சாட்டுச் சொல்லாதே.

இந்திராதேவி


ஸ்ஃபெர்ராகவால்லோ,
03.12.2024

பாசத்துக்குரிய இந்திராக்கா,

நீங்கள் விசாரிக்க வேண்டாம் என்று எழுதினாலும் என்னால் விசாரிக்காமல் இருக்க ஏலாது. சாப்பிடுகிறீர்களா? குளிருக்கு அந்த அறைச் சூடாக்கி வேலை செய்கிறதா? உங்கள் எழுத்தைத் தபால் பெட்டியில் கண்டதும் சந்தோஷத்தில் வேலை உடுப்போடேயே நின்று பிரித்தேன். பாதி வாசிக்கும்போதே அகஸ்ரின் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துத் தந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். விழாவுக்கு முதல் கிழமை விமலராஜ் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு இன்னும் ஆட்டைத் திவசம் முடியவில்லை, மங்கல விளக்கில் உங்களை நிற்பாட்டினால் சனம் கதைக்கும், கடைசியில் அவமானம் உங்களுக்குத்தான் என்றார். எனக்கு அந்த முறைகள் ஒன்றும் தெரியாது அக்கா. உங்கட ஆக்களில் அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன். எங்கட ஆக்களில் இது இல்லை. பேசாலையில் என்ர அப்பா செத்த அடுத்த மாதமே அம்மா மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தவ. ஆனால் உங்கட ஆக்களின் முறையில் நான் தலையிடுவது மரியாதை இல்லையே என்று விட்டுவிட்டேன். உங்களிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் உங்கள் மனம் நோகும் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அதைவிட நோகும் என்று அப்போது விளங்கவில்லை.

நீங்கள் எழும்பி நின்றதைக் கண்டேன். கையில் இருந்த தாளில் கொட்வின் என்று இருந்தது, அப்படியே வாசித்துவிட்டேன்.

வியாழன் பின்னேர வகுப்பில் பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் இத்தாலிய மொழி படிப்பித்தால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. வாருங்கள் அக்கா. அகஸ்ரினிடம் கேக் கொடுத்து விடுகிறேன், நீங்கள் சொல்லித் தந்தபடி இஞ்சி கூடப் போட்டிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
கிளறா


பலெர்மோ,
14.12.2024

கிளறாவுக்கு,

கேக்கைக் கீழே இருக்கிற வாசல் காவலாளியிடம் கொடுத்தேன். நல்ல ருசியாம்.

விமலராஜ் சொன்னானாம், நீ கேட்டாயாம். அவன் அப்படித்தான். அதை ஒருவேளை மன்னிக்கலாமோ என்று யோசித்துக்கொண்டேதான் வாசித்தேன். பிறகு 'உங்கட ஆக்கள்' என்று வந்தது. கை தவறி எழுதிவிட்டாள் என்று விட்டுக் கீழே போனால் திரும்பவும் அதே சொல்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். கபோச் சந்தைக்குப் பின்னால் என் ஒற்றை அறையில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்தின முதல் நாள். ஒரு தாய் தேவாரத்தோடு தொடங்கச் சொன்னாள். இன்னொருத்தி பரலோக மந்திரம் சொல்லச் சொன்னாள். இரண்டு பேரும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது நீதான், நேற்று விமானத்தால் இறங்கின சின்னப் பெட்டை, எழும்பிச் சொன்னாய்: "இஞ்சை முதல் அ. அதுக்குப் பிறகு ஆ. மிச்சமெல்லாம் வீட்டிலை." அன்றைக்குத்தான் நீ எனக்குத் தங்கச்சி ஆனாய். பதிவில் சமயம் எழுதுவதில்லை, 'எங்கட ஆக்கள் உங்கட ஆக்கள்' என்று ஒருவரும் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை என்று அன்றே தீர்மானித்தோம். பிறகொரு நாள் அப்படிக் கதைத்த ஒரு தகப்பனை, நல்ல பெலமான ஆள், வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டவளும் நீதான்.

பொன்னாடை போர்த்தும்போது என் சேவைகள் என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தாய். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன். பெர்மெஸ்ஸோ வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியப்புறம் போய் நிற்கிற பெண்களோடு நானும் நின்று, அந்த வரிசையிலேயே அவர்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினேன். வயது போனவர்களைப் பராமரிக்கப் போன பெண்களுக்கு மருந்துப் பெட்டியில் இருக்கிறதை வாசிக்கப் படிப்பித்தேன். வகுப்புக்கு விடாத புருஷன்மாரின் வீடுகளுக்குப் போய் அவர்களோடு மல்லுக்கட்டிப் பெண்களைக் கூட்டிவந்தேன். ஒருத்தன் என் மேல் கதவைச் சாத்தி விரல் நசிந்தது, இன்றைக்கும் மழைக்கு உளையும். வீட்டு வேலைக்காரிக்கு இந்த ஊரில் ஓய்வென்றால் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். அவை இரண்டும் கல்லூரிக்குப் போனது. பத்மநாதன் ஆறின சோற்றைச் சாப்பிட்டார், ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நான் உனக்கு வேறு ஆக்கள்.

சரி, அப்படியென்றால் என் சாமானை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். கல்லூரி நடக்கிற கிடங்கு நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா யூலியானாவின் சொத்து. வாடகை வாங்காமல் அவ தந்தது என் வாய்ச்சொல்லை நம்பி. அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறேன். யூன் மாதத்தோடு ஒழித்துக் கொடுங்கள். விமலராஜின் வீட்டுக் கூடத்தில் நடத்துங்கள், அங்கே தோஷம் ஒன்றும் இராது.

இந்திராதேவி


ஸ்ஃபெர்ராகவால்லோ,
20.02.2025

இந்திராக்கா,

நீங்கள் வெருட்டுகிறீர்கள் என்று நினைத்துத்தான் நத்தாரும் பொங்கலும் போகட்டும் என்று பேசாமல் இருந்தேன். இன்று சிஞ்ஞோராவின் மகன் அளவுநாடாவோடு வந்தார். சுவர் சுவராக அளந்தார், படம் எடுத்தார். என்ன விஷயம் என்று கேட்டேன், அம்மாவைக் கேளுங்கள் என்றுவிட்டுப் போனார். வகுப்பு நடக்கிற நேரம். பெண்கள் எல்லாரும் கொப்பியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கும் கோபம் வரும் அக்கா. கல்லூரி உங்களுக்குச் சீதனமாக வந்ததோ? நீங்கள் சிரித்தால் திறக்கவும் முறைத்தால் பூட்டவும் அது என்ன உங்கள் அலுமாரியோ? யூனில் தெர்ஸா மேதியா என்கிற இத்தாலியப் பள்ளிச் சோதனை எழுதப்போகிறவர்களை நான் எங்கே கொண்டுபோய் இருத்துவது? ஊரில் எட்டாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர்கள், பேரப்பிள்ளை கண்டபிறகு இங்கே எழுத வருகிறார்கள். அவர்கள் உங்களுக்கு என்ன செய்தவை?

நிர்வாக சபையில் உங்களுக்கு முன்னால் வாய் திறக்க எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். உங்களிடம் கேட்காமல் விமலராஜின் சொல்லைக் கேட்டது அந்தப் பயத்தில்தான், மரியாதை என்று எழுதினது பாதிப் பொய். விழா குழம்பக் கூடாது, கொட்வின் கோபிக்கக் கூடாது, சனம் கதைக்கக் கூடாது என்று எல்லாரையும் யோசித்தேன். உங்களை மட்டும் யோசிக்கவில்லை. இந்திராக்கா தாங்குவா என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சொல்லை நான் எழுதினது பிழை. எழுதும்போது பிழையென்று தெரியவே இல்லை. அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி நான் என்ன செய்தால் உங்கள் மனம் ஆறும்? ஊருக்கு முன்னால் காலில் விழ வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். கிடங்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளறா


பலெர்மோ,
02.03.2025

கிளறாவுக்கு,

காலில் விழாதே. குனிந்து எழுப்பிவிட ஏலாது, எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு.

போன கிழமை பத்மநாதனின் ஆட்டைத் திவசம் முடிந்தது. சமையலெல்லாம் நானே செய்தேன், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்தேன். இனி நான் விளக்குக்கு ஆகுவேனோ என்று விமலராஜிடம் கேட்டு வை.

நீ கேட்டபடியால் சொல்கிறேன். யூனில் பரிசளிப்பு விழா வரும். இந்த முறை தேவாலயப் பங்கு மண்டபம் வேண்டாம், கிடங்கிலேயே நடத்து. விளக்கை இந்த ஊரில் புருஷனைப் பறிகொடுத்த எங்கள் பெண்கள் ஏற்ற வேண்டும். அவர்கள் மட்டும். திரிக்கு ஒருத்தி. ஆக்கள் கூடினால் விளக்கைக் கூட்டு. சோடியாக வருகிறவர்கள் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும், கொட்வினும்தான். திரி கொளுத்துகிற மெழுகுதிரியை விமலராஜ் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கடைசி வரைக்கும்.

அவர்களைக் கூப்பிட வேறு ஆளை அனுப்பாதே. ரெலிபோனிலும் சொல்லாதே. நீயே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், இருந்து, ஏன் இவ்வளவு நாளும் கூப்பிடவில்லை என்று சொல்லிக் கூப்பிடு. மேடையில் ஒவ்வொருத்தியையும் முழுப் பெயரோடு கூப்பிடு. துணிச்சல், புரட்சி, சமுதாயம் என்று பேச்செல்லாம் வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். கடைசித் திரிக்கு என் பெயர்.

இதைச் செய்தால் கிடங்கைப் பற்றி யோசிக்கலாம்.

இந்திராதேவி


ஸ்ஃபெர்ராகவால்லோ,
18.05.2025

என்றும் மறவாத இந்திராக்கா,

மொண்டெல்லோவில் கோடைகால வீடுகள் திறக்கத் தொடங்கிவிட்டார்கள், கழுவிக் கழுவி என் கையெல்லாம் வெடித்துப்போய் இருக்கிறது. அப்படியும் பின்னேரங்களில் நீங்கள் சொன்ன வேலையைச் செய்தேன். எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன்.

முதலில் எங்கள் பங்கில் இருக்கிற சறோஜாக்காவிடம் போனேன். மன்னார்க்காரி, என்ர ஊருக்குப் பக்கம், கோயிலில் என்னோடு ஒரே வாங்கில் இருக்கிறவ. லேசாக முடியும் என்று நினைத்தேன். படியிலேயே வைத்துக் கேட்டா: "கிளறா, என்ரை மனிசன் செத்த நாளிலை இருந்து ஒரு கலியாண வீட்டிலை என்னை ஆலாத்தி எடுக்கக் கூப்பிட்டியளே? உன்ரை மகளின்ரை கலியாணத்திலை நான் எங்கை இருந்தனான் எண்டு உனக்குத் தெரியுமே?" எனக்குத் தெரியவில்லை அக்கா. எவ்வளவோ யோசித்தும் ஞாபகம் வரவில்லை. குசினியில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நின்றாவாம், அவவே சொன்னா. இது எங்கட ஆக்களில் இல்லை என்று உங்களுக்கு எழுதினேனே. என்ர வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கட்டடம் பறிபோகிற நேரம்தான் எங்கள் ஞாபகம் வந்ததோ என்றும் கேட்டா. ஓம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வரச் சொன்னா. நாங்கள் இரண்டு பேரும் நல்லாய் அழுது முடித்தோம். இப்போது அவதான் மற்றப் பெண்களுக்கு ரெலிபோன் எடுத்து என்ன நிறத்தில் சேலை உடுப்பது என்று வாக்குவாதப்படுகிறா.

விமலராஜ் முதலில் சபையை விட்டு விலகுகிறேன் என்று எழுதித் தந்தார். அவர் மனைவி அடுத்த நாளே வந்து அதை வாங்கிக்கொண்டு போனா. தன்ர அம்மாவும் புருஷனை இழந்தவதான், அவவைக் கையெடுத்துக் கும்பிடுகிற மனிசனுக்கு மெழுகுதிரி பிடிக்கக் கை நோகுமோ என்று வீட்டில் கேட்டாவாம். இப்போது பிடிக்கிறேன் என்கிறார்.

அக்கா, இதைக் கிடங்குக்காகத்தான் தொடங்கினேன். இப்போது கிடங்கு போனாலும் செய்வேன். எனக்கு அன்றைக்கு ஒன்று மட்டும் வேண்டும். நீங்கள் வந்து அந்தக் கடைசித் திரியை ஏற்றிவிட்டு, பழையபடி என்னை நாலு பேச்சுப் பேசுங்கள். நீங்கள் பேசாமல் எனக்கு வீடு விறைத்துப்போய் இருக்கிறது.

உங்கள் கிளறா


பலெர்மோ,
28.05.2025

கிளறாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சறோஜா கேட்டது சரிதான்.

என் பெயரைக் கூப்பிடும்போது ஒலிவாங்கியைக் கிட்டப் பிடி. வாசல் வரைக்கும் கேட்க வேண்டும்.

இந்திராதேவி


ஸ்ஃபெர்ராகவால்லோ,
16.06.2025

இந்திராக்கா,

ஏன் வரவில்லை?

நீங்கள் சொன்ன ஒன்றையும் நான் மாற்றவில்லை. பேச்சு வைக்கவில்லை. கொட்வின் பின்வரிசையில்தான் இருந்தார். சறோஜாக்கா திரியைக் கொளுத்தினபோது விமலராஜ் மற்றக் கையால் அவவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். ஒவ்வொருவராக வந்தார்கள், சனம் எழும்பி நின்றது. முன்வரிசையில் உங்கள் கதிரையில் ஒருவரையும் இருக்க விடாமல் என்ர கைப்பையை வைத்திருந்தேன்.

கடைசியாக உங்களைக் கூப்பிட்டேன். 'திருமதி இந்திராதேவி பத்மநாதன்.' ஒருவரும் எழும்பவில்லை. பஸ் பிந்தியிருக்கும் என்று நினைத்தேன். விமலராஜை வெளியே போய்ப் பார்க்கச் சொல்லலாமோ என்று யோசித்துவிட்டு, இல்லை, அவர் மெழுகுதிரியை விடக்கூடாது என்று திரும்பவும் கூப்பிட்டேன். சனம் வாசலைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது என்னால் முடிக்க முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஒலிவாங்கியோடு நின்று அழுதேன். விமலராஜின் கையில் மெழுகு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆரோ ஒருவர் நான் ஏற்றிவிடவா என்று எழும்பினார். சறோஜாக்கா விடவில்லை. "அது அவவின்ரை. அப்பிடியே இருக்கட்டும்" என்றா. அந்தத் திரி விழா முடியும் மட்டும் கொளுத்தாமலே இருந்தது. பரிசு வாங்க வந்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வருத்தமோ அக்கா? ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களோ என்றுகூட நினைத்து அகஸ்ரினை வீட்டுக்கு அனுப்பினேன். நீங்கள் யன்னலில் நின்றதாகச் சொன்னார். சுகமாக இருந்தால் போதும். ஒரு வரி எழுதுங்கள்.

கிளறா


பலெர்மோ,
21.06.2025

கிளறாவுக்கு,

வருத்தம் ஒன்றுமில்லை. நான் வந்தேன். சந்துக்கு எதிர்ப்பக்கத்தில், பூட்டியிருந்த மீன்கடைக்கு முன்னால் நின்றேன். வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தாய், எல்லாம் கேட்டது. ஒவ்வொரு பெயரும் கேட்டது. சறோஜாவின் பெயருக்குச் சனம் கைதட்டினதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை நீ நல்லாய்ச் செய்தாய்.

பிறகு என் பெயர் வந்தது. முதல் தரம் தலைவி கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாய். மூன்றாம் தரம் உன் குரல் உடைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நான் பொய் எழுத மாட்டேன். சனமெல்லாம் பார்க்க நின்ற நிலையில் நிற்பது எப்படி என்று நவம்பரில் நான் அறிந்ததை நீயும் அறிய வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். அறிந்துவிட்டாய்.

கட்டடத்தைப் பற்றி யோசிக்காதே. டிசம்பரிலேயே நான் சிஞ்ஞோராவிடம் போய்க் கிடங்கைத் திருப்பி எடுங்கள் என்று கேட்டேன். அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. கோபத்தில் வந்து கேட்கிறவளுக்குத் தான் ஒன்றும் தருவதில்லை, இடத்தைத் தந்தது படிக்க வருகிற பெண்களுக்கே தவிர எனக்கில்லை என்று சொல்லி, போய்க் கோப்பி போடு என்றா. மகன் வந்து அளந்தது ஊறுகிற சுவரைத் திருத்த. உன்னை வெருட்டினது நான் ஒருத்திதான். அதற்கு எனக்கு வருத்தமில்லை. வெருட்டாவிட்டால் நீ சறோஜாவின் படி ஏறியிருக்க மாட்டாய்.

மன்னிக்கலாமோ என்று பார்த்தேன், கிளறா. அந்த மீன்கடை வாசலில் நின்றபோது, நாலு அடி வைத்தால் உள்ளே போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். நீ அழுதது கேட்டதும் கால் ஒருதரம் எழும்பினது. பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. விளக்கை நான் மன்னித்துவிட்டேன். அந்தச் சொல்லை மன்னிக்க முடியவில்லை. என்னை நோகடிக்க வேண்டும் என்று யோசித்து எழுதியிருந்தால் ஒருநாள் மறந்திருப்பேன். நீ யோசிக்காமல் எழுதினாய். இவ்வளவு வருஷமும் ஒரே சட்டியில் சாப்பிட்டும் உனக்குள்ளே அது அப்படியே இருந்திருக்கிறது.

கல்லூரியில் எனக்குக் கோபமில்லை. வியாழக்கிழமை தொடக்கம் வகுப்புக்கு வருகிறேன், சபைக் கூட்டங்களுக்கும் வருவேன். எதிரில் வந்தால் வணக்கம் சொல்வேன். ஆனால் உன்னை இனி 'நீ' என்று கூப்பிட மாட்டேன். வெளி ஆக்களோடு எப்படிக் கதைக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். உன்னை நீ என்று எழுதுவது இந்த வரியோடு சரி.

மதிப்புக்குரிய தலைவி அவர்களுக்கு,

வியாழக்கிழமை பின்னேர வகுப்பின் பொறுப்பை நான் மீண்டும் ஏற்றுக்கொள்கிறேன். கிடங்குப் பூட்டின் திறப்பை உங்களிடமிருந்து எந்த நேரத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்பதை அறியத் தாருங்கள். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
திருமதி இந்திராதேவி பத்மநாதன்
நம்பிக்கைப் பொறுப்பாளர்